ஆறு கிழமை வெள்ளை

"அன்ரி, ஒரு ஆறு கிழமை
டை அடிக்காமல் இருக்க ஏலுமோ?"
துவாரகன் கேட்டான்.
பதினேழு நிமிடக் குறும்படம். நான் அம்மா.
ஜன்னலடியில் நிற்க வேணும்,
கதைக்கத் தேவையில்லை, பார்த்தால் காணும்.

ஓம் என்றேன்.
முப்பத்தியொரு வருஷத்தில் முதல் தடவை
மூன்றாம் ஞாயிறு குளியலறை பூட்டப்படவில்லை.
கறை பிடித்த துவாய் கொடியிலேயே கிடந்தது.
மிக்ரோஸில் அந்தத் தட்டைக் கடந்து போனேன்.
பெட்டியில் சிரிக்கிறவளுக்கு
எப்போதும் போல இருபத்திமூன்று வயது.
அவளுக்கு எதுக்கு டை?

இரண்டாம் கிழமை வகிட்டில் ஒரு கோடு.
பீல் நகரத்துப் பெருந்தெருவில்
முந்தாதே என்று போட்டிருக்கிற
அறாத கோடு மாதிரி.

மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
முள் பொருத்துகிறது என் வேலை.
குனிந்த தலையைத்தான் எல்லாரும் பார்ப்பினம்.
ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காமல் இருப்பதில் இந்த நாட்டார் கெட்டிக்காரர்.
ரெகூலா மட்டும் லென்ஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
வடிவாயிருக்கு என்றாள்.
அவளுக்கு அறுபத்திமூன்று. தலை கத்தரிக்காய் நிறம்,
ஒரு பக்கம் ஒட்ட வழித்திருக்கும்,
போன வருஷம் பச்சை.
பொய் என்று தூரத்திலேயே தெரிய வேணும் அவளுக்கு.
நான் கிட்ட வந்தாலும் தெரியக்கூடாது என்று அடித்தேன்.
குழாயும் கையுறையும்
கண்ணெரிக்கும் மணமும் ஒன்றுதான்.

நான்காம் கிழமை ஓல்டனில் ஒரு சாமத்திய வீடு.
"என்ன தவமலர், சுகமில்லையோ?"
"சீச்சீ, இப்பவே ஏன் விட்டிட்டீர்?"
ஒருத்தி என் கையைப் பிடித்து
மெல்லக் கேட்டாள்: "அவருக்கு... ஏதும்...?"
அவர் வெளியில் காருக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

மண்டபத்துத் திரையில் பாட்டு ஓடியது.
என்னைவிட நாலு வயது மூத்த கதாநாயகன்
கரிக்குருவித் தலையோடு
பேத்தி வயதுப் பெட்டையைச் சுழற்றுகிறான்.
பின்னால் யுங்ஃபிராவ்.
அந்தப் பாட்டில்
வெள்ளையாய் இருக்க அனுமதி உள்ளது
அந்த மலைக்கு மட்டும்.
அடுத்த காட்சியில் அவனுடைய அம்மா வருவாள்.
என்னைவிட ஆறு வயது இளையவள்,
காதோரம் இரண்டு சாம்பல் கீற்று,
கையில் ஆரத்தித் தட்டு.
பின்னேர நாடகத்து மாமியார் நஞ்சு கலக்கையிலும்
இடுப்புவரை கறுகறு.
நெற்றியில் ஒரே ஒரு வெள்ளைப் புரி விழுந்தால்
அவள் பைத்தியம், அல்லது
சொத்தெல்லாம் அவள் பேரில்.

ஆறாம் கிழமை படப்பிடிப்பு.
ஒப்பனைக்கு வந்த ஆரணி என் தலையைப் பார்த்தாள்,
கமராவின் சின்னத் திரையைப் பார்த்தாள்.
"அன்ரி, இது வெள்ளை மாதிரித் தெரியேல்லை.
இடமும் பிழை."
வகிட்டைக் கறுப்புப் பென்சிலால் மூடினாள்.
ஆறு கிழமை போய்விட்டது, இரண்டு நிமிடத்தில்.
பிறகு பவுடர் தொட்டு
இரண்டு காதோரமும் ஒற்றினாள்.
"இப்ப சரி. இப்ப அம்மா."

ஜன்னலடியில் நின்றேன்.
புதன்கிழமை எங்கள் வீட்டு உடுப்புத் தோய்க்கிற முறை.
கீழே மெஷினுக்குள் போர்வை கிடக்கிறது,
நாலு மணிக்குள் எடுக்காவிட்டால்
இரண்டாம் மாடிக்காரி கடதாசி ஒட்டுவாள்.
"ஐயோ அன்ரி," துவாரகன் கத்தினான்,
"அந்தச் சோகம்! அப்பிடியே நில்லுங்கோ!"

இரவு தலை முழுகினேன்.
முதலில் பவுடர் போனது,
பிறகு பென்சில்.
கோடு போகவில்லை.
பழக்கத்தில் கை பெட்டியைத் திறந்து
குழாயைப் பிதுக்கிக் கலக்கியும் விட்டது.

கதவில் அவர், பழைய பல்துலக்கியோடு.
"மீசைக்கு மிச்சம் வருமோ?"
ஒவ்வொரு மூன்றாம் ஞாயிறும் கேட்கிற கேள்வி.
அப்போதுதான் பார்த்தேன்.
ஆறு கிழமையில் அவருடைய மீசையும்
நல்லாய் நரைத்திருந்தது.
ஓல்டனில் ஒருத்தரும்
அவருடைய கையைப் பிடிக்கவில்லை.

கோப்பையை அவரிடம் நீட்டினேன்,
முழுவதுமாய்.
"அரை மணித்தியாலம் வையுங்கோ" என்றேன்.
"கண்ணில படாமல்."